திரும்பி வந்தவர்

“நான் வரல தம்பி. திரும்பி வந்தேன்.”

பெரியம்மா என்று நான் கூப்பிடுகிறவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். எடை போட்ட சாக்கை உதறி மடித்துக்கொண்டே, நான் கணக்கில் ஒரு கிலோ குறைத்து எழுதியதைத் திருத்துகிறவர் மாதிரிச் சொன்னார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அது ஐப்பசி. இப்போது வைகாசி நடக்கிறது. எடை போடும் இடத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சு மனதுக்குள் முதலிலிருந்து ஓடுகிறது.

அதற்கு முந்தைய வாக்கியம் என்னுடையது. “நாமளும் வந்தவங்கதானே பெரியம்மா” என்றேன். சுற்றிலும் இருபது பேர் நின்றிருந்தார்கள்.

விஷயம் ஒரு லைன் வீடு, தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. கூரை மாற்றிச் சுவர் பூசி ஒரே ஒரு வீடு தயாராகியிருந்தது. மேனேஜர் பட்டியலைக் கையில் கொடுத்து, “நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க” என்றார். பட்டியலில் முதல் பெயர் பெரியம்மாவின் மருமகளுடையது. எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் அடுப்புக்கு நேர்மேலே ஒழுகும். மழைக்காலம் முழுக்கப் படுக்கிற அறையில் வைத்துத்தான் சமையல். நான் அந்த வீட்டை ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில், பதினோரு பேர், நடுவில் சேலையைக் கட்டித் தடுத்துக்கொண்டு இருந்தார்கள். இதைப் பார்த்த யாரும் என் முடிவைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். ஜார்கண்ட் ஆட்கள் வசதி இல்லையென்றால் ஒரே வாரத்தில் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். பெரியம்மா குடும்பம் போகாது. ஒழுகினாலும் இங்கேதான் இருக்கும். மேனேஜர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே நான் புரிந்துகொண்டேன். குழந்தைக்காகக் கொடுத்தேனா, ஆள் குறையாமல் இருக்கக் கொடுத்தேனா என்று கேட்டால், குழந்தைக்காகத்தான் என்று சொல்வேன். அப்படிச் சொல்லும்போது ஏன் குரல் கொஞ்சம் உயர்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, வீட்டை விடுங்கள். என்னை உறுத்துவது அந்த ‘நாமளும்’.

கோத்தகிரிக்கு வேலைக்கு வந்து பதினான்கு வருடத்தில் என் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது என்று எஸ்டேட்டில் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் “பந்தலூர்” என்பேன். அது பொய் இல்லை. அங்கேதான் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் டான்டீயில், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில், வேலை பார்த்தார்கள். ஆனால் பந்தலூர் என்று சொன்னதும் கேட்கிறவர்கள் ஒரு மாதிரி நிறைவாகிவிடுவார்கள், அடுத்த கேள்வி வராது. அதற்காகவே சொன்னேன். வந்த இரண்டு வருடத்தில் படுக பாஷை பேசக் கற்றுக்கொண்டேன். ஹட்டி என்கிற படுகர் ஊர்களின் கல்யாணங்களில் என்னைப் பக்கத்து ஊர்க்காரன் என்று நினைத்தவர்கள் உண்டு. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சின்ன வயதில் எனக்கு இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் பேசுகிற பையன்கள் ‘பாண்டி’ என்பார்கள். தமிழ்ப் பையன்கள் ‘சிலோன்’ என்பார்கள். வருடம் ஒருமுறை திருவிழாவுக்குத் தாத்தா ஊருக்கு, துறையூர் பக்கம், போனால் அங்கே ‘மலைக்காரப் பசங்க’. வீட்டில் ஒரு தமிழ், வெளியில் ஒரு தமிழ். அப்பா காலை ஆஜரைப் ‘பெரட்டு’ என்பார், இங்கே மஸ்டர். அம்மா கொழுந்து எடுக்கப் போவார், மற்றவர்கள் இலை பறிக்கப் போவார்கள். எது நடந்தாலும் அப்பா “கமக் நே” என்று கையை வீசுவார். பரவாயில்லை என்பதற்குச் சிங்களம். அது சிங்களம் என்று தெரிவதற்கு முன்பே, பள்ளியில் வாய் தவறி அதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

இத்தனை வருடம் மூடி வைத்ததை முதன்முதலாக நாலு பேர் முன்னால் எடுத்தது எப்போது என்று பார்த்தால், ஒரு வயதானவருக்கு வீடு இல்லை என்று சொல்ல. நானும் உங்கள் ஆள்தான் என்பதை அவரிடம் சொந்தம் கொண்டாடுவதற்காகச் சொல்லவில்லை. அவர் வாயை அடைக்கச் சொன்னேன். அவரும் சிலோனிலிருந்து வந்தவர் என்று அவர் பேச்சைக் கேட்டே எனக்கு எப்போதோ தெரியும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவர் பெரட்டு என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டுச் செக்ரோலில், ஆஜர் எழுதுகிற பதிவேட்டில், குனிந்துகொண்டேன்.

‘திரும்பி வந்தேன்’ என்று அவர் சொன்னதில் எனக்கு வாதம் உண்டு. அவர் பிறந்தது இலங்கையில், பதுளையில். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது வயது பதினான்கு. அதுவரை இந்தியாவைப் பார்த்ததில்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது? அது காகிதத்தின் வார்த்தை. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் நாடற்றவர்கள் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வந்தவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவர் அப்படியே நம்பிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து அவரைச் சொந்தக்காரர்கள் இருந்த கிராமத்துக்குக் கூட்டிப்போனார்களாம். மூன்று மாதம் திண்ணையில் இருந்தார்களாம். அப்புறம் தேயிலை இருக்கிற இடம் என்று கேள்விப்பட்டு மலை ஏறியிருக்கிறார்கள். இதை அவர் மருமகள் சொன்னார். அப்படியென்றால் பெரியம்மா எதற்குத் திரும்பினார்? கிராமத்துக்கு இல்லை. குளிருக்கும் கொழுந்துக்குமா? அல்லது இனி யாரும் நம்மை அனுப்ப முடியாது என்கிற அந்த ஒரு உறுதிக்கா? ‘வந்தவங்க’ என்று ஒத்துக்கொண்டால் மறுபடி போகச் சொல்லலாம். திரும்பி வந்தவரை எங்கே அனுப்புவது? நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவர் பிடித்துக்கொண்டிருந்த கைப்பிடியை, நான் எல்லோர் முன்னாலும் தட்டிவிடப் பார்த்திருக்கிறேன்.

வீடு கிடைத்த குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் அவர்களை இந்திக்காரங்க என்கிறார்கள், நானும்தான். மார்கழியில் குழந்தைக்குக் கண் பீளை தள்ளி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஜீப்பில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அந்தப் பெண் குழந்தையிடம் பேசிக்கொண்டே வந்தாள். அது இந்தி இல்லை. குழந்தையை ‘நீன்’ என்றாள். கண்ணுக்கு அவள் சொன்ன சொல் தொண்டைக்குள்ளிருந்து வந்தது, ஆனால் கேட்டால் நம் கண்தான். பிறகு விசாரித்தேன். அவர்கள் ஒராவோன் பழங்குடியினர், பேசுவது குடுக், தமிழுக்கு உறவுக்கார மொழி. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வீட்டைக் கொடுத்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்ட மாதிரி. அந்த நிம்மதி தப்பு என்று மறுநாளே தோன்றியது. அந்த மொழி தமிழுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் கைக்குழந்தைக்கு வீடு வேண்டாமா? உறவு இருக்கிறது என்றால் பெரியம்மாவின் அடுப்பு நனையலாமா?

அன்றிலிருந்து பெரியம்மா என்னைத் ‘தம்பி’ என்பதில்லை. ‘சார்’ என்கிறார். மரியாதையில் குறை ஒன்றும் இல்லை. போன மாதம் எடை போடும்போது மட்டும், தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உங்க அப்பா எந்தத் தோட்டம் சார்?”

எனக்குத் தெரியவில்லை. சிலோனில் அட்டன் பக்கம் என்று மட்டும் தெரியும். அப்பா இருந்தவரை நான் கேட்டதே இல்லை. “அட்டன்” என்றேன். “அட்டன்ல எவ்வளவோ தோட்டம் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். ஏன் திடீரென்று கேட்கிறாய் என்று கூடக் கேட்காமல் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தில், அதாவது அங்கத்து லைன் வீட்டில், எத்தனையாவது காம்பரா (அறை) என்று வரிசையாகச் சொன்னார். செக்ரோலின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கூரைக்கு ஷீட் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஷீட் வருவதற்கு முன்னால் போய்ச் சொன்னால், மறுபடியும் எதற்கோ ஈடாக அதை நீட்டுவது போல இருக்கும். வந்த பிறகு சொன்னாலும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.