கோர்னோ இதழ் வாங்கும் முன் இதழின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

லுவோமோ ரான்யோ, அதாவது இத்தாலிய ஸ்பைடர்மேன் காமிக்ஸின் முதல் பத்து இதழ்களும் ஒருவழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் இதற்கு முன்னால் ஒரு ஆள் என் தலையில் கட்டப் பார்த்த பத்து இதழ்களை நினைத்தால் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பழைய இத்தாலிய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேர்க்க ஆசைப்படும் தமிழ் ஆட்கள் இத்தாலியிலேயே சிலர் இருக்கிறார்கள், ஊரிலிருந்தும் அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். அவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மிலானில் இருந்த எடிட்டோரியாலே கோர்னோ பதிப்பகம் 1970 ஏப்ரல் கடைசியில் ஸ்பைடர்மேனை லுவோமோ ரான்யோ என்ற பெயரில் கொண்டுவந்தது, மே மாதம் டெவில் (நமக்கு டேர்டெவில்) வந்தது, அடுத்த வருடம் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் தோரும். லுவோமோ ரான்யோ மட்டும் 1981 வரை 282 இதழ்கள். நூறுக்கு மேற்பட்ட எண்கள் பெரும்பாலும் சில யூரோவுக்கே கிடைக்கின்றன. போலோன்யாவில் மாதம் ஒருமுறை சாந்தோ ஸ்தெஃபானோ சதுக்கத்தில் கூடும் பழம்பொருள் சந்தையில் பெட்டி பெட்டியாகக் கிளறி அவற்றை எடுத்துவிட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, முதுகு வலிக்கும், அவ்வளவுதான்.

கஷ்டம் முதல் பத்தில்தான். பிரதியே இல்லை என்பதல்ல, முழுசான பிரதி இல்லை என்பதுதான் பிரச்சினை. விலை 200 லிரா, வாங்கியவர்கள் பள்ளிச் சிறுவர்கள், படித்துக் கிழித்து எறிந்தார்கள். இன்னொன்று, ஆரம்ப இதழ்களில் எல்லாப் பக்கமும் கலர் கிடையாது, இரண்டு பக்கம் கலர் என்றால் அடுத்த இரண்டு பக்கம் கருப்பு வெள்ளை. நான் பார்த்த ஒரு மூன்றாம் எண்ணில் கருப்பு வெள்ளைப் பக்கங்களில் மட்டும் யாரோ ஒரு பையன் சிவப்பு, நீலப் பென்சிலால் ஸ்பைடர்மேனின் உடையை அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தான், கோட்டை விட்டு வெளியே போகாமல், முகமூடியின் வலைப் பின்னலைக்கூட விடாமல். பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சேகரிப்பவர் கணக்கில் அது அடிபட்ட பிரதி. வாங்கும்போது அட்டையை மட்டும் பார்க்காமல் எல்லாக் கருப்பு வெள்ளைப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள், நேரில் இல்லாமல் படத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் அவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இதைவிட நுணுக்கமான ஒன்றில். பத்திரிகைக் கடைகளில் விற்காத இதழ்கள் பதிப்பகத்துக்கே திரும்பி வரும். அப்படித் திரும்பியவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்து, முதுகில், அதாவது மடிந்த ஓரத்தில், பசை போட்டு ஒட்டி, மேலே புது அட்டை போட்டு மறுபடியும் கடைக்கு அனுப்புவார்கள். இத்தாலியப் பதிப்பகங்கள் பலவும் செய்ததுதான், கோர்னோவும் செய்தது. ரக்கோல்த்தா என்பார்கள். ஒட்டிய பிறகு ஓரங்களைச் சமமாக வெட்டுவார்கள், அதனால் உள்ளே இருக்கும் இதழ் மற்ற பிரதிகளைவிட ஓரிரு மில்லிமீட்டர் சிறுத்துவிடும். இந்த ரக்கோல்த்தாவைப் பிரித்து, பசையைச் சுரண்டி, தனித்தனி இதழாக விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ரக்கோல்த்தாவிலிருந்து எடுத்தது என்று சொல்லி அதற்கேற்ற விலை வைத்தால் தப்பே இல்லை. சொல்லாமல் விற்பதுதான் அயோக்கியத்தனம்.

என்னிடம் விற்றவர் சொல்லவில்லை. இணையத்தில் ஒரு விற்பனைத் தளம், தனிநபர், முதல் பத்தும் ஒரே கட்டாக, நிலை "ஒத்திமோ" என்று போட்டிருந்தார். தரவரிசையில் உச்சம் "எடிக்கோலா", அதாவது கடையில் தொங்கியபோது இருந்த நிலை. அதற்கு அடுத்தது ஒத்திமோ. படங்கள் எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த முன் அட்டைகள். முதுகையும் நடுப்பக்கத்து ஸ்டேப்ளர் பின்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதினேன். "எல்லாம் கச்சிதம், கவலைப்படாதீர்கள், உறையை அடிக்கடி திறந்தால் இதழ் கெடும்" என்று பதில். ஆனாலும் விடாமல் கேட்டேன், ஒரே ஒரு முதுகுப் படம் வந்தது, பிறகு பார்த்தால் அது பத்தில் நன்றாக இருந்த ஒன்றின் முதுகு.

பார்சல் வந்த கதை தனி. வந்த அன்று வீட்டில்தான் இருந்தேன், மணி அடிக்கவே இல்லை, பெறுநர் இல்லை என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. இங்கே அடுக்குமாடிகளில் வீட்டு எண்ணை யாரும் பார்ப்பதில்லை, வாசல் மணிப் பலகையில் இருக்கும் குடும்பப் பெயரைத்தான் தேடுவார்கள். பலகையில் இருப்பது அப்பா பெயர், ஏனென்றால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அதுதான் இருக்கிறது. பார்சலில் இருந்தது என் பெயரும் ஒரு இனிஷியலும். நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

பார்சல் கூரியர் கிடங்கில் நிறுத்திவைக்கப்பட்டது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை, பேருந்து எப்போதாவது ஒன்று. கவுன்டரில் இருந்த பெண்மணி என் வசிப்பு அனுமதி அட்டையையும் பார்சல் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது வேறு ஆள்" என்றார். பெயர் இங்கேயும் இருக்கிறது பாருங்கள், இந்த ஒற்றை எழுத்துதான் அப்பா பெயர் என்று விளக்கினேன். "குடும்பப் பெயர் ஒரு எழுத்தாக இருக்க முடியாது" என்றார். அனுப்பியவர் பெயர், ஆர்டர் எண், பணம் கட்டிய ரசீது எல்லாம் போனில் காட்டினேன், அவர் திரையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அனுப்பியவர் பெயர்த் திருத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அனுப்பியவர் இரண்டு நாள் பதிலே போடவில்லை, கிடங்குக் கெடு முடிந்தால் பார்சல் திரும்பிப் போய்விடும். கடைசி நேரத்தில் திருத்தம் வந்தது, மறுபடி போனேன், கவுன்டரில் இந்த முறை ஒரு இளைஞன், அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

ஆகவே, விற்பனைத் தளத்தில் உங்கள் பெயரை அனுமதி அட்டையில் இருப்பது போலவே, அதே வரிசையில், முழுதாக எழுதுங்கள். மணிப் பலகையில் இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். வேறு யாரையாவது அனுப்புவதாக இருந்தால் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் அவர் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். உறையிலிருந்து எடுத்ததுமே ஒன்றாம் எண்ணின் முதுகில் விரல் ஒட்டியது. பின்கள் இரண்டுக்கும் நடுவே தேன் நிறத்தில் காய்ந்த பசை, அதன் மேல் கருப்பு மார்க்கர் பேனாவால் பூசி மறைத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பூச்சு மட்டும் ஊதாவாக மின்னியது. என்னிடம் ஏற்கனவே இருந்த பதினொன்றாம் எண்ணை மேலே வைத்தேன். கீழே இருந்தது மேலேயும் பக்கத்திலும் உள்ளடங்கியிருந்தது. பத்தில் ஆறு அப்படி. ஒன்பதாம் எண்ணில் பின்களே புதுசு, தாளில் பழைய துருத் தடம் வேறு இடத்தில்.

விற்றவருக்கு எழுதினேன். "பழைய பொருள், பார்த்துப் பிடித்து வாங்கியது" என்று இங்கே வழக்கமாகச் சொல்லும் அந்த வாசகத்தைப் போட்டு முடித்துக்கொண்டார். கடையில் இணையம் வழியாக வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம், தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை, அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றால் தளத்தின் வாங்குபவர் பாதுகாப்பு உண்டு, தளத்துக்கு வெளியே பணம் கட்டாதவரை. கட்டணம் மிச்சம் என்று நேரடியாகப் பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

என் முதல் புகாரை "சேகரிப்புப் பொருளின் நிலை அவரவர் பார்வை" என்று மூடிவிட்டார்கள். விடவில்லை. அழகு, நிலை என்ற பேச்சையே எடுக்காமல் அளவை மட்டும் பேசினேன்: இரண்டு இதழ்களையும் ஸ்கேலோடு சேர்த்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பசைத் தடம் நெருக்கத்தில், கூடவே அவர் அனுப்பிய அந்த ஒற்றை முதுகுப் படத்தைப் போட்டு, இது எந்த எண்ணின் முதுகு என்று ஒரு கேள்வி. ஓரம் வெட்டப்பட்டது என்பது பார்வை வித்தியாசம் இல்லையே. மறுவாரம் முழுப் பணமும் திரும்பி வந்தது. திருப்பி அனுப்பும்போது கண்காணிப்பு எண் உள்ள சேவையில் அனுப்புங்கள், கட்டுவதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களுக்கென்று மலிவான தபால் கட்டணம் ஒன்று இங்கே உண்டு, அதன் சாதாரண வகையில் கண்காணிப்பு எண் கிடையாது. இந்த மாதிரி விஷயத்துக்கு அதன் பதிவுத் தபால் வகைதான் சரி.

அப்புறம் ரெஜ்ஜோ எமிலியா. காமிக்ஸ் ஆர்வலர்களின் அனாஃபி சங்கம் அந்த ஊரில் நடத்தும் பழைய காமிக்ஸ் சந்தைக்குப் போனேன், போலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எல்லோரும் லூக்கா நகரத்துப் பெரிய காமிக்ஸ் விழாவுக்குப் போகச் சொல்வார்கள், அக்டோபர் கடைசியில் அந்தக் கூட்டத்தில் ஒரு இதழை நிதானமாகப் புரட்ட முடியாது, என் பார்வையில் வாங்குபவனுக்கு ரெஜ்ஜோதான் இடம். எழுபது வயது இருக்கும் ஒரு வியாபாரி, நான் ஸ்கேலை வெளியே எடுத்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன், அவரே உறையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் போட்டார். இரண்டாம் எண்ணின் பின் அட்டையில் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறது, ஏழில் ஒரு முனை மடிந்திருக்கிறது என்று நான் பார்க்கும் முன்பே அவரே சொன்னார். எதுவும் வெட்டப்படவில்லை, பசை இல்லை, பின்கள் லேசாகத் துருப்பிடித்த பழைய பின்கள். சாயங்காலம் கடை கட்டும் நேரத்துக்குத் திரும்பிப் போய், ரொக்கமாகத் தருகிறேன், பத்தையும் சேர்த்து எடுக்கிறேன் என்றேன். நல்ல விலை குறைத்தார்.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம். ஒன்றாம் எண்ணின் மறுபதிப்புகள் அச்சு அசலாக வந்திருக்கின்றன, அட்டையை நம்பாமல் உள்தாளைத் தடவிப் பார்க்க வேண்டும், 1970-ன் தாள் சொரசொரப்பாக, ஓரத்திலிருந்து உள்ளே பழுத்துக்கொண்டு வந்திருக்கும். அப்புறம், 1976-ல் தொடங்கிய பெரிய அளவு மறுபதிப்பு வரிசையை முதல் பதிப்பு என்று சொல்லி விற்பவர்களும் உண்டாம். அளவைக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அவர் மேசையின் மறுமுனையில் மொந்ததோரி பதிப்பகத்தின் பழைய நெம்போ கிட் இதழ்கள் ஒரு அடுக்கு இருந்தன. 1954-ல் இத்தாலிக்கு அந்தப் பெயரில் வந்த சூப்பர்மேன்தான், மார்பில் இருக்கும் எஸ் எழுத்தைக்கூட அழித்துவிட்டு அச்சடித்தார்கள். கை துறுதுறுத்தது, பர்ஸ் காலி. இப்போதைக்கு டெவில்தான் அடுத்த குறி, துணைக்கதையாக சில்வர் சர்ஃபர் வந்த ஆரம்ப எண்கள் வேண்டும். வெட்டாத பிரதிகள் யாரிடமாவது இருந்தால், முதுகுப் படத்தோடு எழுதுங்கள்.