பூனை எழுதிய பிரெஞ்சுக் கட்டுரை

ஒரே ஆராய்ச்சியை இரண்டு மொழியில் எழுதுவது மொரீஷியஸில் அதிசயமில்லை. நானும் ஆய்வேட்டைப் பிரெஞ்சில் எழுதினேன், அதிலிருந்து உருவிய ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில். பிரெஞ்சில் 'ழெ' (நான்) என்று நான் போட்ட இடமெல்லாம் சிவப்பு மையில் 'நூ' (நாம், நாங்கள்) ஆகித் திரும்பி வந்தது. சரி, அதுதான் முறை போலிருக்கிறது என்று ஆங்கிலத்திலும் 'வீ' என்றே எழுதினேன். அதைப் படித்தவர் ஓரத்தில் கேட்டிருந்தார்: கூட எழுதியது யார்?

பிரெஞ்சில் இதற்கு 'அடக்கத்தின் நூ' என்று பெயர். ராஜா தன்னைச் சொல்லிக்கொள்வதும் அதே 'நூ'தான், அதற்குப் பெயர் மட்டும் 'மாட்சிமையின் நூ'. வேடிக்கை இலக்கணத்தில் இருக்கிறது. வினை பன்மை, ஆனால் எழுதுகிறவர் ஒருவர் என்றால் கூட வரும் எச்சத்துக்குப் பன்மையின் 'எஸ்' கிடையாது. நான் பெண் என்பதால் பெண்பாலின் 'இ' மட்டும் உண்டு. பாதி வாக்கியம் கூட்டமாக நடந்து வந்து கடைசியில் ஒருத்தியாக உட்காரும்!

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையைச் சொல்லும் ஏபிஏ கையேடு, தனியாக எழுதினால் 'ஐ' என்றே போடு என்கிறது. இதில் மாட்டிக்கொண்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன். 1975இல் ஒரு கட்டுரை முழுக்க 'வீ' என்று தட்டச்சு செய்த பிறகு, ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் இதழில் ஏற்கமாட்டார்கள் என்று நண்பர் சொல்ல, மறுபடி யார் தட்டுவது என்று தன் பூனையையே எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியர் ஆக்கிவிட்டார். அப்புறம் 1980இல் அந்தப் பூனை பெயரில் மட்டும் ஒரு கட்டுரை வந்தது, அதுவும் பிரெஞ்சில்! அங்கே ஒற்றைப் பூனை தாராளமாக 'நூ' போடலாம்.

பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் நான். நாம், நாங்கள் வித்தியாசம் எங்கள் பிள்ளைகளுக்கு லேசில் பிடிபடாது, எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் இரண்டுக்கும் 'நூ' ஒன்றுதான். போன வாரம் அந்தப் பாடம் முடிந்து வீட்டுக்கு வந்து ஆய்வேட்டை எடுத்து, ஒவ்வொரு 'நூ'வுக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதிப் பார்த்தேன். 'முன் அத்தியாயத்தில் பார்த்தோம்' என்பது வாசகரையும் சேர்த்த நாம். களப்பணிக்குத் தங்கையோடு போனது நாங்கள். மிச்சம் எல்லாம், பக்கம் பக்கமாக, நான்.