தொடை நல்லாத்தான் இருந்தது

வியாசர்பாடியில் கால்பந்து விளையாடுகிற தெருக்களில் முழங்கால் லிகமென்ட் (மூட்டில் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்) கிழிந்தவர் ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவில் நான். எம்ஆர்ஐ, ஆபரேஷன், செலவு எல்லாம் எல்லோரும் சொல்லும் கதைதான், விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நடக்கப் பழகியதைப் பற்றித்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் பிசியோ மேடம் முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டை அழுத்துற மாதிரி தொடையை இறுக்குங்க தம்பி" என்றார். இடது தொடை உடனே இறுகியது. வலது தொடை அப்படியே கிடந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், மூச்சை அடக்கிப் பார்த்தேன், முட்டிச் சில்லுகூட அசையவில்லை. மயக்க ஊசி இன்னும் இறங்கவில்லையோ என்று கேட்டேன். அது நேற்றே இறங்கிவிட்டது என்றார்.

அவர் சொன்ன விளக்கம்: முன்னந்தொடைத் தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் அங்கிருக்கும் உணர்நரம்புகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். தண்டுவடம் அந்தத் தசையை இயக்கும் நரம்பு செல்களை அடக்கிவிடும். மூளை "இறுக்கு" என்று சொன்னாலும் அது தசை வரைக்கும் முழுசாக வந்து சேராது. பல்பு நன்றாக இருக்க ஃபியூஸைப் பிடுங்கிய கதை. 20, 30 மில்லி நீரே போதுமாம், முட்டியின் உள்பக்கத் தசை படுத்துவிட. அதனால் முதல் வைத்தியம் ஐஸ் கட்டி, காலை உயர்த்தி வைப்பது. அப்புறம் தொடையில் பட்டை ஒட்டி கரன்ட் வைத்தார்கள். கரன்ட் வரும்போது சும்மா படுத்திருக்கக் கூடாது, நானும் சேர்ந்து இறுக்க வேண்டும். முதல் தடவை அந்தத் தசை துடித்ததைக் கையை வைத்துப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தசை எழுந்தால் நடை வந்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. வரவில்லை. நடக்கும்போது ஒரு கால் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையிலும் 40 சதவீதம் காற்றிலும் இருக்கிறது. குதிகால் ஊன்றியதும் முழங்கால் 15, 20 டிகிரி மடங்கும். முன்னந்தொடைத் தசை நீண்டுகொடுத்தபடியே உடம்பைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கால் காற்றில் போகும்போது 60 டிகிரி வரை மடங்கும். என் கால் இரண்டையும் செய்யாமல் விறைத்தே போனது. வலி போன பிறகும் அப்படித்தான். போதாததற்கு, கிழிந்த லிகமென்டுக்குள் மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் இருந்தன. ஆபரேஷனில் பின்னந்தொடைத் தசைநாணை எடுத்து அதன் இடத்தில் கட்டிய புது லிகமென்டுக்கு அந்த வேலை தெரியாது. மூளை அந்தக் குறையைக் கண்ணால் ஈடு கட்டப் பார்க்கும். நான் தரையையே பார்த்து நடந்ததற்குக் காரணம் அதுதான்.

மேடம் ஆள் உயரக் கண்ணாடி முன்னால் நடக்க வைத்தார். இரண்டு குதிகாலும் ஒரே சத்தம் கேட்கணும் என்பார். வீட்டில் மாமா பையன் கேரம் போர்டைத் திருப்பிப் போட்டுத் தாளம் தட்டுவான், கானாக்காரன் வேறு. அந்தத் தாளத்துக்கு நடந்தால் நொண்டல் பாதி குறைந்தது.

நடையின் தாளம் கொஞ்சம் தண்டுவடத்திலேயே இருக்கிறது என்பது பழைய கண்டுபிடிப்பு. 1911இல் கிரஹாம் பிரவுன் என்பவர் பூனைகளை வைத்துக் காட்டினார்: மூளையிலிருந்து வரும் கட்டளையையும் காலிலிருந்து வரும் உணர்வுச் சேதியையும் துண்டித்த பிறகும் தசைகள் மாறி மாறிச் சுருங்கின. மனிதனுக்கு மூளையின் தயவு அதைவிட அதிகம் வேண்டும். எப்போது கிளம்புவது, பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பதெல்லாம் மேலிருந்து வரும், அடி பிசகினால் சிறுமூளை திருத்தும். ஆனாலும் ஒவ்வொரு அடியையும் யோசித்துப் போடக் கூடாது. நான் யோசித்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதைக் கண்டுபிடிக்க மேடம் வைத்த சோதனை ரொம்ப எளிது. நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86... 79 வருவதற்குள் கால் நின்றுவிட்டது. கணக்கும் நடையும் ஒரே கவனத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்றார். (கணக்கில் நான் எப்போதுமே சுமார்தான், அது வேறு விஷயம்.) அதற்கப்புறம் பேசிக்கொண்டே நடப்பதுதான் பயிற்சி. தண்ணீர் குடத்தோடு, போனில் அத்தையோடு, கடைசியில் சாயங்கால நெரிசலில் மார்க்கெட் வரைக்கும். வண்டிகளுக்கு நடுவே மீன் விலை பேசிக்கொண்டு நடந்து வந்தபோது முழங்கால் ஞாபகமே வரவில்லை.

ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்பது இன்னும் சரியாக வரவில்லை, சாய்ந்துவிடுகிறேன். ஒன்பது மாதம் முடியணும், வலது தொடையின் பலம் இடதில் 90 சதவீதமாவது வரணும், அப்புறம்தான் பூட்ஸ் என்கிறார் மேடம். கோச் அண்ணன் வாரம் தவறாமல் கேட்கிறார். அவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று மேடத்தின் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.