அம்மாவின் உப்புச்சட்டி

தங்கச்சிக்கு மூன்றாம் மாதம். சத்தி தாங்கமுடியாமல் கோண்டாவிலுக்கு அம்மா வீட்டோடு வந்து நிற்கிறாள். மீன் மணம் பட்டாலே கிணற்றடிக்கு ஓடுகிறாள். பாரை, இறால், நண்டு என்று தின்று வளர்ந்த பிள்ளைக்கு இப்போது சோறும் சொதியும்தான் இறங்குகிறது. அந்தச் சொதிக்குப் போடுகிற உப்பைப் பற்றித்தான் போன கிழமை எனக்கும் அம்மாவுக்கும் சண்டை.

அம்மா கல்லுப்பை வாங்கி வந்ததும் முதல் வேலையாகக் கழுவுவா. மண் போகவேணுமாம். பிறகு அடுப்பங்கரையில் இருக்கிற மண்சட்டியில் கொட்டி, மூடாமல் விட்டுவிடுவா. சட்டியின் வெளிப்பக்கமெல்லாம் வெள்ளையாய் உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாய் உதிரும். பக்கெற்றில் அயடின் கலந்தது என்று போட்டிருக்கிறது. அந்த அயடின், பொற்றாசியம் அயடேற்று என்ற சேர்வையாகக் கல்லின் மேற்பரப்பில்தான் பட்டிருக்கும். கழுவினால் தண்ணியோடு போகும். மிஞ்சினதும் ஈரத்திலும் சூட்டிலும் குறைந்துகொண்டே வரும்.

"கடலில இருந்து வாற உப்பில இல்லாத அயடினே?" என்று கேட்டா அம்மா.

நானும் முந்தி அப்படித்தான் நினைத்திருந்தேன். கடலில் அயடின் உண்டு, மீனிலும் உண்டு. ஆனால் கடல்நீர் வற்றி உப்பு விளையும்போது கட்டியில் தங்குவது மிக மிகக் கொஞ்சம். அதனால்தான் 1995 இல் இலங்கையில் சாப்பாட்டு உப்புக்கு அயடின் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். 2025 மார்ச்சில் ஆனையிறவில் திறந்த தொழிற்சாலையிலும் அங்கே விளைந்த உப்போடு அயடின் சேர்த்துத்தான் பக்கெற்றில் அடைக்கிறார்கள்.

நான் முன்பள்ளி ரீச்சர். மூன்று வயதில் வருகிற பிள்ளைக்கு நிறம், எண், பாட்டு எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அந்த மூளைக்கு அத்திவாரம் போடுகிற காலம் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் முதற்பாதியில் சிசுவின் தைரொயிட் சுரப்பி இன்னும் சரியாக வேலை செய்யாது. தாயின் தைரொயிட் சுரக்கிற தைரொக்சின் என்ற ஹோர்மோனைத்தான் அது நம்பியிருக்கும். தைரொக்சின் செய்ய அயடின் வேணும். கடுமையாகக் குறைந்தால் பிள்ளைக்குக் கேள்வி, பேச்சு, புத்தி, வளர்ச்சி எல்லாம் பாதிக்கும். பிறகு எந்த மருந்தாலும் அதை முழுக்கத் திருப்ப ஏலாது. உலகத்தில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு முதற்காரணம் இந்தக் குறைபாடுதான்.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயடின் போதும், கர்ப்பவதிக்கு 250. இருந்து கணக்குப் பார்த்தேன்: ஒரு ஆள் எழுபது வருசத்துக்குத் தின்னவேண்டியது 4 கிராம்கூட வராது. ஒரு தேக்கரண்டி நிரம்பாது. ஆனால் உடம்பு அதைக் கனகாலத்துக்குச் சேர்த்துவைக்காது, இடைவிடாமல் வந்துகொண்டிருக்கவேணும். அதற்காக உப்பை அள்ளிப் போடவும் கூடாது. அம்மாவுக்குப் பிரஷர் வேறு. வழக்கமாய்ப் போடுகிற அளவு அயடின் உப்பாக இருந்தால் சரி.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்க, அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப உங்கள் ரெண்டு பேரையும் நான் மொக்குகளாவே வளர்த்தனான்?"

எனக்கு நெஞ்சு பிசைந்தது. நான் 1991 இல் பிறந்தவள், சட்டத்துக்கு முந்தி. "இல்லையம்மா, நீங்கள் எங்களுக்கு மீனும் இறாலும் தந்து வளர்த்தனீங்கள். இவளுக்கு இப்ப அது ஏலாமல் கிடக்கு. அதுதான் உப்பைச் சொல்லுறன்" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலமை போனால், குசினி வாசலில் சுளகோடு இருந்தா. புதுப் பக்கெற்றைச் சுளகில் பரப்பி, கறுப்புத் துணிக்கைகளை ஒவ்வொன்றாய்க் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தா. கழுவவில்லை. பக்கத்தில் வெயிலில் காயவைத்த ஹோர்லிக்ஸ் போத்தல், மூடியோடு.

மத்தியானம் சொதியை இறக்கிவைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு, கடைசியாகத்தான் உப்புப் போட்டா. தங்கச்சி ரெண்டு கோப்பை குடித்தாள். கிணற்றடிக்கு ஓடவில்லை.