சி3 என்ற ஒற்றை பைட்: 3270 டெர்மினலிடம் பேசிப் பார்த்தேன்

ஐபிஎம் 1971-இல் தன் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினிகளுக்காகக் கொண்டுவந்த, திரையும் விசைப்பலகையும் சேர்ந்த 3270 டெர்மினலின் மொழியை பைட் பைட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எக்ஸ்3270 எமுலேட்டரை டெர்மினலாக வைத்துக்கொண்டு, மெயின்ஃபிரேம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய பைத்தான் நிரலை அமர்த்தினேன். இரண்டையும் இணைக்கும் டெல்நெட் நெறிமுறையின் தொடக்க உடன்பாடுகளை எழுதி முடிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை, அவ்வளவுதான். சுவை அதற்குப் பிறகுதான்.

பைட்டுகளைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களாகவே எழுதுகிறேன். எஃப்5 என்ற பைட்டை அனுப்பினால் திரை துடைக்கப்படும். அடுத்து வருவது ரைட் கன்ட்ரோல் கேரக்டர், அதாவது எழுதுவதோடு டெர்மினல் வேறென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பைட். அதன் கடைசி பிட், திருத்தப்பட்ட புலங்களின் (திரையில் பிரித்து வைத்த பகுதிகளின்) அடையாளத்தை நீக்கும். அதற்கு முந்தைய பிட் விசைப்பலகையின் பூட்டைத் திறக்கும், அதற்கும் முந்தையது மணியடிக்கும். சி3 அனுப்பினேன், பூட்டு திறந்தது. சி7 அனுப்பியதும் மணியும் சேர்ந்து ஒலித்தது. வேண்டுமென்றே சி1 அனுப்பிப் பார்த்தேன்: திரையில் புதிய எழுத்துகள் வந்தன, ஆனால் என்டர் அழுத்தியபோது கீழ்வரியில் தோன்றிய எக்ஸ் குறி அசையவில்லை, ஒரு விசையும் ஏறவில்லை.

தேவையான மதிப்பு வெறும் 3 என்றால் 03 என்றே அனுப்பலாமே? எக்ஸ்3270 அதையும் ஏற்றுப் பூட்டைத் திறந்தது. ஆனால் பைசிங்க் என்ற அன்றைய ஐபிஎம் நெறிமுறையில் இயங்கிய தொடர்புத் தடத்தில், எப்சிடிக் என்ற ஐபிஎம் எழுத்துக் குறியீட்டின் 03 என்பது 'உரை முடிந்தது' என்ற கட்டளை. செய்தி பாதியிலேயே அறுந்துபோகும். அதனால் ஆறு பிட்டுகளில் மட்டும் பொருளை வைத்து, மேலிரண்டு பிட்டுகளை அட்டவணைப்படி நிரப்பி, முழு பைட்டையும் அச்சிடத்தக்க எழுத்தாக்கிவிட்டார்கள். சி3 என்பது எப்சிடிக்கில் 'சி' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தேதான். சிக்கனமும் தற்காப்பும் ஒரே பைட்டில் கூடிய இந்த வடிவமைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு.

திரை முகவரிக்கும் இதே அட்டவணைதான். 24 வரி, 80 பத்தி, ஆக 1920 இடங்கள். 12 பிட் போதும், அதை ஆறு ஆறாகப் பிரிக்கிறார்கள். 0-விலிருந்து எண்ணினால் இரண்டாம் வரியின் தொடக்கம் 80-ஆம் இடம். ஆறு ஆறு பிட்டுகளாக 1, 16; அட்டவணைப்படி சி1 50. அங்கே 4சி என்ற புலப் பண்பை, அதாவது அந்த ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு புலத்தின் தன்மையைச் சொல்லும் பைட்டை வைத்தேன். தட்டுவது கண்ணுக்குத் தெரியாத கடவுச்சொல் புலம் கிடைத்தது. அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் முதல் மூன்றைத் தட்டி என்டர் அழுத்தியதும் நிரலுக்கு வந்தது இது:

7டி சி1 டி4 11 சி1 டி1 81 82 83

7டி என்டர் விசை. சி1 டி4 கர்சர் நிற்கும் 84-ஆம் இடம். 11 என்பது 'அடுத்து முகவரி' என்ற கட்டளை. அதன் பின் புலத்தின் முதல் எழுத்து இருக்கும் 81-ஆம் இடம், பிறகு நான் தட்டிய மூன்று எழுத்துகள். அடுத்து, ஒரே திரையில் பல புலங்களை வைத்து, திருத்தியவை மட்டும் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கப்போகிறேன்.