எங்கள் கிராவல் குவாரியில் இறங்கு பாதைக்கு இடம் தேடிய கதை

புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தப்பாவின் பட்டா நிலம் இரண்டரை ஏக்கர். மழை பொய்த்தால் எள்ளுகூட வராத செம்மண் மேடு. அதில் கிராவல், அதாவது சரளை மண், எடுக்க முடிவு செய்தபோது, நூற்றுக்கு நூறு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழம், ஆக 20,000 கன மீட்டர் என்று மனக்கணக்குப் போட்டிருந்தோம். அனுமதிக்காகச் சுரங்கத் திட்டம் தயாரித்தவர் அந்தக் கணக்கை ஐந்து நிமிடத்தில் கரைத்துவிட்டார். பக்கத்துப் பட்டாக்களை ஒட்டி 7.5 மீட்டர் விட வேண்டும். மிஞ்சுவது 85-க்கு 85. கிராவல் போன்ற இளகிய மண்ணில் ஓரத்தை 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக வெட்டக் கூடாது. அல்லது 1.5 மீட்டருக்கு மேற்படாத படிகளாக இறக்க வேண்டும். படியின் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. நாங்கள் சரிவையே எடுத்துக்கொண்டோம். சரிவு போகக் குழியின் அடித்தளம் 81-க்கு 81 மீட்டர். மொத்தமே 13,800 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதிலும் மேல்மண் கழிய வேண்டும்.

அனுமதிக்காக அலைந்தது தனிக்கதை. அனுமதி வந்த பிறகு நாங்கள் செய்த பிழைகளைச் சொல்கிறேன்.

முதல் நாளே மேல்மண்ணை வழித்து வடகிழக்கு மூலையில் குவித்துவிட்டோம். மறுநாள்தான் ஐந்து இடங்களில் சோதனைக் குழி வெட்டினோம். தென்மேற்கில் ஒரு மீட்டரிலேயே வெள்ளைக் களி வந்துவிட்டது. நல்ல சரளை, மிளகு முதல் நெல்லிக்காய் வரையிலான உருண்டைகளோடு, இரண்டு மீட்டரும் நிறைந்திருந்தது எங்கே? நாங்கள் மண் குவித்த மூலைக்கடியில். ஒரு நாள் வண்டி வாடகையும் டீசலும் அந்தக் குவியலை நகர்த்தவே போயின. குழி பார்க்காமல் மேல்மண்ணில் கை வைக்காதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். நகர்த்திய மண்ணை எல்லையோரத்து 7.5 மீட்டரில் கரையாகப் போட்டோம். பிறகு குழியை மூட அதுதான் வேண்டும்.

அடுத்தது, டிப்பர் குழிக்குள் இறங்கி ஏறும் இறங்கு பாதை. சாலை கிழக்கே இருப்பதால் அந்தப் பக்கமே வெட்டச் சொன்னேன். ஹிட்டாச்சி ஓட்டுநர் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “தம்பி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தீர்களா?” கொத்தனாரிடம் டியூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், வாங்கிவந்து பிடித்தோம். கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த நிலம் கிழக்கே அறுபது சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அங்கே பாதை வெட்டியிருந்தால் நிலத்துத் தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் குழிக்குள் இறங்கியிருக்கும். மேட்டுப்புறமான வடமேற்குக்கு மாற்றினோம். பத்துக்கு ஒன்று சரிவில் இருபது மீட்டர் நீளம். டிப்பர் சற்றுச் சுற்றி வர வேண்டியிருந்தது, அதைப் பொறுத்துக்கொண்டோம்.

ஹிட்டாச்சியை நிறுத்தும் இடத்தையும் அவர்தான் திருத்தினார். நான் டிப்பரை இயந்திரத்தின் பின்னால் நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வாளிக்கும் அரைவட்டம் சுழல வேண்டும். அவர் இயந்திரத்தை மேல் தட்டில் ஏற்றி, டிப்பரைக் கீழே பக்கவாட்டில் நிறுத்தினார். கால்வட்டத்திலேயே வாளி தொட்டிக்கு மேல் வந்தது. அதுவும் டிப்பரின் பின்புறமாக, ஓட்டுநர் தலைக்கு மேலே போகாமல். ஏழு நிமிடம் பிடித்த லோடு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சல்லடையைச் சாலைக்கு வசதியாகக் கிழக்கு ஓரத்தில் வைத்திருந்தோம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்தபோது புழுதி முழுவதும் பக்கத்து மல்லிகைத் தோட்டத்தின் மேல் போய் விழுந்தது. அந்த அக்கா சண்டைக்கு வரவில்லை. சிவந்துபோன மொட்டுகளை ஒரு கை அள்ளிவந்து காட்டினார். அன்று மாலையே சல்லடையைக் குழிக்குள், களி தட்டிய தென்மேற்கு மூலைக்கு இறக்கினோம். குழியின் சுவரே காற்றை மறித்தது. தண்ணீர் தெளிப்பதையும் இரண்டு வேளையாக்கினோம்.

ஐப்பசியில் இரவு முழுவதும் மழை கொட்டியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கிழக்கு மூலையில் முழங்கால் அளவு செந்நீர் தேங்கியிருந்தது. இறங்கு பாதையில் செருப்பு ஒட்டவில்லை. எட்டு மணிக்கு முதல் டிப்பர் பாரத்தோடு மேலேறியது.