அந்த ஒரு கேள்வி

“குழந்தையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் பால் கட்டுமே, அப்போது என்ன செய்வீங்க?”

வாடகைத்தாயாக இருக்க ஒப்புக்கொண்ட மாடிவீட்டு அக்காவுக்குத் துணையாக இன்று மனநல மருத்துவரிடம் போயிருந்தேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னவர், இதற்கு மட்டும் 29சி பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

2021 வாடகைத்தாய்ச் சட்டப்படி, வாடகைத்தாய்க்கு வயது 25 முதல் 35, சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை, அப்புறம் உடல், மனத் தகுதிச் சான்றிதழ். சான்றிதழ்தானே, ஒரு கையெழுத்து என்று நினைத்திருந்தேன்.

மருத்துவச் செலவும் இன்சூரன்ஸும் தவிரப் பணம் கிடையாது என்னும்போது, சொந்தக்காரர்கள் கெஞ்சியதைத் தட்ட முடியாமல் வந்திருக்கிறாரா என்று டாக்டர் தோண்டத்தானே வேண்டும்?

“நாத்தனாருக்காக நானேதான் கேட்டேன்” என்றார் அக்கா.

அப்புறம் மெதுவாக, “என் பையன் தம்பி எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது டாக்டர்?”